பால் அதிலேயே இருக்கிறது

இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் பத்திரிகைகள் நிறைய இப்போது ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. சும்மா புரட்டிக்கொண்டே போனால் எங்காவது ஒரு பக்கத்தின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், ஒரு ஹார்லிக்ஸ் விளம்பரம் கண்ணில் படும். அது சொல்வதன் சாரம் இதுதான்: உங்களுக்கு ஹார்லிக்ஸ் கிடைப்பது சிரமமாக இருந்தால், அது அவசியம் தேவைப்படுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனைகள், படைகள், போர்த் தொழிற்சாலைகள், சுரங்கங்கள், இவற்றுக்குத்தான் முதல் சரக்கு போகிறது, கடையில் இருக்கும் கொஞ்சத்தையும் தேவைப்படுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் கடைசியாக ஒன்று: வெறும் தண்ணீரில் மட்டும் கலந்து குடியுங்கள், பால் அதிலேயே இருக்கிறது.

காசு கொடுத்து இடம் வாங்கி, ‘முடிந்தால் வாங்காமல் இருங்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் விளம்பரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய மனசு என்று உடனே கைதட்டத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சின்னக் கட்டத்துக்குப் பின்னால் பால் தட்டுப்பாடு, காகிதத் தட்டுப்பாடு, வரிச் சட்டம், பெயரே இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் தேசபக்தியும் இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை.

போருக்கு முன்னால் அவர்கள் விற்ற விதமே வேறு. 1930-களில் ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தின் லண்டன் அலுவலகம் ஹார்லிக்ஸுக்காக ஒரு நோயையே உருவாக்கிக் கொடுத்தது. அதன் பெயர் இராப்பட்டினி. நீங்கள் தூங்கும்போதும் இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கெல்லாம் சக்தி செலவாகிறது, ஆனால் இராத்திரி முழுக்க உடம்புக்குச் சாப்பாடு இல்லை, அதனால்தான் நன்றாகத் தூங்கியும் காலையில் அடித்துப் போட்டது போல எழுந்திருக்கிறீர்கள். படுக்கப் போகும்முன் ஒரு கப் ஹார்லிக்ஸ் குடித்தால் சரியாகிவிடும். மருத்துவர்கள் அறிந்த நோய் அல்ல அது. ஆனால் எவ்வளவு சாமர்த்தியமான நோய் பாருங்கள், காலையில் எழுந்திருக்கச் சோம்பல்படும் மனுஷன் எவனுக்கும் அது இருக்கிறது!

இதை அவர்கள் படக்கதையாகப் போட்டார்கள். வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டத்தில் ஆபீஸில் ஒருவர் வேலையில் தப்பு மேல் தப்பு செய்கிறார், மேலதிகாரி முறைக்கிறார். அடுத்ததில் வீட்டில் மனைவியிடம் எரிந்து விழுகிறார். அப்புறம் நண்பர் யாராவது டாக்டரிடம் போகச் சொல்வார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, உமக்கு இராப்பட்டினி என்பார். சில வாரங்கள் கழித்து, கடைசிக் கட்டத்தில், பதவி உயர்வு கிடைத்திருக்கும், மனைவி சிரித்துக்கொண்டிருப்பாள், நம் ஆளின் தலைக்கு மேல் ஒரு குமிழி, அதற்குள் அவர் மனசுக்குள் ஹார்லிக்ஸுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். குமாஸ்தா, டைப்பிஸ்ட், இல்லத்தரசி, பள்ளிக்கூடத்துப் பையன் என்று ஆளை மட்டும் மாற்றி மாற்றி இதே கதையை வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். சினிமாக்காரர்களுக்கே இவ்வளவு துணிச்சல் வராது.

கவனிக்க வேண்டியது, அந்த வாசகர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. வேலையில்லாத் திண்டாட்டத்தில் உண்மையிலேயே வயிறு காய்ந்தவர்கள் அதே பிரிட்டனில் அந்தப் பத்தாண்டில் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்களுக்கு ஹார்லிக்ஸ் எட்டாத விலை. பட்டினி என்ற சொல்லைச் சாப்பிட்டுப் படுத்தவர்களிடம் விற்றார்கள். சுற்றிலும் சாப்பாடு கிடைத்துக்கொண்டிருக்கும்வரைதான் அந்த வியாபாரம் ஓடும்.

போட்டியாளர் ஓவல்டின். அதன் ஊர் சுவிட்சர்லாந்தின் பெர்ன். ஆல்பர்ட் வாண்டர் 1904-இல் கொண்டுவந்த பானம். மால்ட் (முளைவிட்ட பார்லியின் சாறு), பால், முட்டை, கொஞ்சம் கோகோ. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷரின் கிங்ஸ் லாங்லியில் தொழிற்சாலை, பக்கத்திலேயே அவர்களுக்கென்று கோழிப் பண்ணை, பால் பண்ணை. டப்பாவில் கதிர்க்கட்டும் கூடையுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள், அதாவது நாட்டுப்புறத்துப் பாலும் முட்டையும் நேராக உங்கள் கோப்பைக்கு வருகிறது என்று அர்த்தம். குழந்தைகளைப் பிடிக்க அவர்கள் ரேடியோவுக்குப் போனார்கள். பி.பி.சி.யில் விளம்பரம் கிடையாது என்பதால் ரேடியோ லக்ஸம்பர்க்கில், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், ‘ஓவல்டினீஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி. சேர்ந்தால் பேட்ஜ், விதிப்புத்தகம், இரகசியக் குறியீடு. லட்சக்கணக்கான பிள்ளைகள் உறுப்பினர்கள். 1939 செப்டம்பரில் போர் வந்தது, அந்த நிலையத்தின் ஒலிபரப்பு நின்றது, அதோடு பிள்ளைகளின் கிளப்பும் காற்றோடு போயிற்று. 1950-களில்தான் மறுபடி ரேடியோவுக்கு வந்தது.

சரி, இப்போது அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ‘பால் அதிலேயே இருக்கிறது’ என்பது போருக்காகக் கட்டிய கதை இல்லை, ஹார்லிக்ஸ் பிறந்ததே அதற்காகத்தான். இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷரிலிருந்து அமெரிக்கா போன ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் ஷிகாகோவில் கம்பெனி தொடங்கி, பிறகு விஸ்கான்சினின் ராசீன் நகருக்கு இடம் மாறினார்கள். அந்தக் காலத்துக் குழந்தை உணவுகளில் தானிய மாவை வீட்டில் பாலோடு கலந்து காய்ச்ச வேண்டும். குளிர்பெட்டி இல்லாத நகரத்தில் வெயில் நாளில் வரும் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முளைவிட்ட பார்லியையும் கோதுமை மாவையும் வெந்நீரில் ஊறவைத்தால் முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சாற்றோடு பாலைச் சேர்த்து, வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் நீரை வற்றவைத்துப் பொடியாக்கிவிட்டால், பின்னால் தண்ணீர் ஊற்றினால் போதும். இதற்குத்தான் 1883-இல் காப்புரிமை வாங்கினார்கள். பாலை எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம், கெடாது. துருவப் பயணங்களுக்கு அமுண்ட்சென்னும் ஸ்காட்டும் எடுத்துப்போனது இதனால்தான். அன்டார்க்டிகாவில் ஹார்லிக் மலைகள் என்று ஒரு மலைத்தொடரே இருக்கிறது, பயணத்துக்குப் பணம் கொடுத்த நன்றிக்கடன்.

முதல் உலகப் போரில் இந்தத் தூக்கிக்கொண்டு போகும் வசதியைத்தான் விற்றார்கள். பொடியை அழுத்தி மாத்திரையாக்கிச் சின்னக் குப்பியில் அடைத்து, போர்முனையில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அனுப்புங்கள், பசியையும் தாகத்தையும் தாங்கும் என்றார்கள். கடைக்குப் போக வேண்டாம், பணத்தையும் பையனின் பெயர், எண், ரெஜிமென்ட் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினால் கம்பெனியே நேராகப் பார்சல் அனுப்பிவிடும். வாங்குவது அம்மா, சாப்பிடுவது மகன், இரண்டுக்கும் நடுவில் கடல். அந்த விளம்பரங்களைப் படித்தால் தட்டுப்பாட்டின் சாயலே அதிகம் தெரியாது, கவலைதான் தெரியும். கவலை விற்கும் என்று ஹார்லிக்ஸ் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன், பின்னால் வந்த இராப்பட்டினிக்கு அதுவே ஒத்திகை.

இரண்டாவது போர் வேறு மாதிரி. இந்தத் தடவை தட்டுப்பாடு சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. 1940 ஜனவரி 8-ஆம் தேதி பதப்படுத்திய பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் தொடங்கியது. சர்க்கரை பெரும்பாலும் ஆளுக்கு வாரத்துக்கு 8 அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. ஜூலையில் தேயிலை. 1941-இல் முட்டை, வாரத்துக்கு ஒன்று, அதுவும் கிடைத்தால். பாலை மற்றவற்றைப் போல ஒரே அளவாகப் பிரிக்கவில்லை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள், நோயாளிகள் எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிச்சம்தான் மற்றவர்களுக்கு. சாதாரண ஆளுக்கு வாரத்துக்கு மூன்று பைன்ட், ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர். குளிர்காலத்தில் அதுவும் குறையும். இதில்தான் தேநீருக்கும், கஞ்சிக்கும், எல்லாவற்றுக்கும். கேட்பரி கம்பெனி 1941-இல் டெய்ரி மில்க் செய்வதையே நிறுத்திவிட்டு, கொழுப்பெடுத்த பால்பொடியில் ‘ரேஷன் சாக்லேட்’ என்று ஒன்றைப் போட்டது.

இப்படி இருக்கிற வீட்டில் போய், படுக்கும்முன் ஒரு கோப்பைப் பாலில் இரண்டு ஸ்பூன் போட்டுச் சர்க்கரை சேர்த்துக் குடியுங்கள் என்று சொன்னால் அந்த அம்மா கையில் இருப்பதை எடுத்து அடிப்பாள். ஓவல்டின் விளம்பரங்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டன. பால் கிடைக்காவிட்டால் தண்ணீரிலேயே கலக்கலாம், ஓவல்டினிலேயே பால் இருக்கிறது; இயல்பாகவே இனிப்பாக இருப்பதால் சர்க்கரை போட வேண்டாம். இவ்வளவுதான் வரி. ஆனால் இரண்டு ரேஷன் பொருள்களை அந்த ஒரு வரியில் மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்கள். பாலோடு சேர்த்துக்கொள்ளும் பண்டமாக இருந்தது பாலுக்குப் பதிலாக வரும் பண்டமாகிவிட்டது. உள்ளே இருக்கும் சரக்கு மாறவே இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். எதை முன்னால் நிறுத்துவது, எதைப் பின்னால் தள்ளுவது என்பது மட்டும் மாறியது.

தூக்கமும் வேறு அர்த்தம் பெற்றது. 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கி லண்டன் மேல் தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. சுரங்க ரயில் பிளாட்பாரத்தில் போர்வையை விரித்துப் படுத்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு, நீ ஏன் களைப்பாக எழுந்திருக்கிறாய் என்று படம் போட்டு விளக்கத் தேவையில்லை. அதனால் நரம்புத் தளர்ச்சி, போர்க்கால உளைச்சல், கிடைக்கிற கொஞ்ச நேரத் தூக்கத்தை உருப்படியாகத் தூங்குவது என்று பேச்சு திரும்பியது. உண்மையான காரணம் கிடைத்துவிட்டதால் கற்பனைக் காரணத்துக்கு வேலை குறைந்தது.

இன்னொரு தட்டுப்பாடு, அதிகம் யாரும் பேசாதது: காகிதம். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வே மேல் படையெடுத்ததோடு அந்தப் பக்கத்து மரக்கூழ் நின்றது, மற்ற இடங்களிலிருந்து கப்பலில் கொண்டுவருவதோ உயிரைப் பணயம் வைக்கும் வேலை. செய்தித்தாள்கள் இளைத்து இளைத்து பல நாள்கள் நான்கே பக்கத்துக்கு வந்துவிட்டன. அந்த நான்கு பக்கத்தில் போர்ச் செய்தி, அரசு அறிவிப்பு, இறந்தவர் பட்டியல் போக விளம்பரத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? குமாஸ்தா, மேலதிகாரி, மனைவி, டாக்டர் எல்லோரும் வந்து போகிற படக்கதைக்கு அங்கே இடமே இல்லை. மூன்று வாக்கியம் எழுதலாம். மூன்று வாக்கியத்தில் ஒரு நோயை உருவாக்க முடியாது, இருக்கிறதைச் சொல்லத்தான் முடியும். போர்க்கால விளம்பரங்களின் நேர்மையில் பாதி இந்த இட நெருக்கடியால் வந்தது என்பது என் சந்தேகம்.

மீதிப் பாதி சட்டத்தால். 1943-இல் வந்த உணவு விற்பனைக்கான பாதுகாப்பு விதிகள், சத்தைப் பற்றி ஜனங்களைத் தவறாக எண்ணவைக்கும் லேபிளையும் விளம்பரத்தையும் குற்றமாக்கின. அதோடு அரசாங்கமே சத்துணவு விளம்பரத்தில் இறங்கியிருந்தது. உணவு அமைச்சர் உல்டன் பிரபு முன்பு பெரிய டிபார்ட்மென்ட் கடைகளை நடத்தியவர், விற்கத் தெரிந்தவர். அவருடைய அமைச்சகம் வாராவாரம் பத்திரிகையில் ‘உணவு உண்மைகள்’ என்று பத்தி வெளியிட்டது, காலையில் ரேடியோவில் சமையல் குறிப்பு சொன்னது, குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் கொடுத்தது, ‘நேஷனல் டிரைட் மில்க்’ என்று எந்த அலங்காரமும் இல்லாத டப்பாவில் பால்பொடி விற்றது. எது சத்து, எவ்வளவு தேவை என்பதை அரசு இப்படி இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கம்பெனிக்காரன் புதிதாக என்ன சொல்வான்? உல்டன் பேசும் பாஷையிலேயே, வீணாக்காதீர்கள், பகிர்ந்துகொள்ளுங்கள் என்று, தானும் பேசினான்.

அப்படியானால் விற்கச் சரக்கே இல்லாதபோது ஏன் விளம்பரம்? பேசாமல் இருந்திருக்கலாமே?

இங்கேதான் வரி வருகிறது. போர்க்கால அதிக லாப வரி என்று ஒன்று போட்டார்கள். போருக்கு முந்தைய அளவைத் தாண்டி எவ்வளவு லாபம் வந்தாலும் 1939-இல் அதில் 60 சதவீதம் அரசுக்கு, 1940-இல் அது நூற்றுக்கு நூறு ஆயிற்று. விளம்பரச் செலவு தொழில் செலவுக் கணக்கில் போகும். அதாவது, அந்த வரம்பைத் தாண்டிய கம்பெனிக்கு, எப்படியும் அரசு எடுத்துக்கொள்ளப் போகும் பணத்தில் பத்திரிகையில் ஒரு மூலையைப் பிடித்து வைத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. ‘வாங்காதீர்கள்’ என்று சொல்வதற்கான தைரியம் கொஞ்சம் இங்கிருந்தும் வந்தது.

அதைவிடப் பெரிய காரணம் பயம். பெயர் போய்விடும் என்கிற பயம், அது கற்பனைப் பயமும் இல்லை. வெண்ணெய்க்குப் பதிலாகப் பூசிக்கொள்ளும் மார்ஜரினைச் செய்த கம்பெனிகளின் பெயர்களை அரசு எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பொது மார்ஜரினாக்கியது. பெட்ரோலுக்கும் அதே கதி. 1943-இல் குளிர்பானக் கம்பெனிகள் அத்தனையையும் ஒரே சங்கத்துக்குள் கொண்டுவந்து, பாட்டிலில் யாருடைய பெயரும் இல்லாமல், சங்கத்தின் முத்திரையோடு மட்டும் விற்க வைத்தார்கள். 1948 வரை அப்படித்தான். பல வருஷம் பாடுபட்டுக் கட்டிய பெயர் ஒரு உத்தரவில் காணாமல் போவதைப் பக்கத்துத் தொழிலில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், தங்கள் பெயரை அச்சில் வைத்துக்கொள்ள என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். ரௌன்ட்ரீ கம்பெனி, பால் இல்லாமல் கிட்காட் பழைய மாதிரி வராது என்று தெரிந்ததும், சிவப்பு உறையை நீலமாக்கி, இது அமைதிக் காலத்தில் நீங்கள் அறிந்த கிட்காட் அல்ல என்று உறையிலேயே எழுதியது. இப்போது வாங்காதே, ஆனால் மறந்துவிடாதே. ஹார்லிக்ஸ் சொன்னதும் அதுதான். கடை பூட்டியிருக்கும் நாளிலும் பெயர்ப்பலகைக்கு விளக்குப் போட்டு வைப்பது போல.

இதனால் அந்த விளம்பரம் பொய் என்று ஆகிவிடாது. சரக்கு உண்மையிலேயே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனி மேல் குண்டு போடப் போகும் பிரிட்டிஷ் விமானிகளிடம், விமானம் விழுந்து எதிரி நாட்டில் மாட்டிக்கொண்டால் தப்பி வருவதற்கென்று, சட்டைப் பையில் அடங்கும் ஒரு தட்டைப் பெட்டி கொடுத்தார்கள். முதலில் ஐம்பது சிகரெட் அடைக்கும் தகர டப்பாவில் செய்தது, பிறகு தண்ணீர் புகாத பிளாஸ்டிக். உள்ளே சின்னத் திசைகாட்டி, தீக்குச்சி, தண்ணீர் பிடிக்க ரப்பர் பை, தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை, தூக்கம் வராமலிருக்க பென்செட்ரின் மாத்திரை, மீன்பிடி நூல், கொஞ்சம் மிட்டாய், அதோடு ஹார்லிக்ஸ் மாத்திரைகள். பகலில் வைக்கோல் போருக்குள் ஒளிந்து இரவில் நடக்கிறவனுக்கு அடுப்பு மூட்ட முடியாது, வாயில் போட்டு அடக்கிக்கொள்ளலாம். கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளிலும் பிஸ்கட், உலர்ந்த இறைச்சியும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பெமிக்கன், சாக்லேட்டோடு பால் மாத்திரை வைத்தார்கள். ஊரில் அதே ஹார்லிக்ஸைத் தூங்குவதற்குக் குடித்தார்கள். இங்கே தூக்கத்தை விரட்டும் மாத்திரைக்குப் பக்கத்திலேயே அது படுத்திருக்கிறது. டப்பாவிலிருந்து ஸ்பூனால் அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையின் ருசி ஓரளவு தெரியும், மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரையாமல் நிற்கும்.

அமெரிக்காவில் கதை வேறு பக்கம் போனது. அங்கே பால் தாராளம், 1942-இல் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1941 மே மாதம் வாஷிங்டனில் தேசப் பாதுகாப்புக்கான ஊட்டச்சத்து மாநாடு நடந்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இன்ன வைட்டமின் இவ்வளவு என்று பட்டியல் வந்திருந்தது. ஓவல்டின் அதைப் பிடித்துக்கொண்டது. சுமாராக மூன்று வேளைச் சாப்பாடும் அதோடு இரண்டு டம்ளர் ஓவல்டினும் இருந்தால் வேண்டிய வைட்டமின், தாதுச்சத்து எல்லாம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகளுக்கு அது நடத்தியது ‘கேப்டன் மிட்நைட்’ ரேடியோ நாடகம். டப்பாவின் உள்மூடியை அனுப்பினால் இரகசியச் செய்தியைப் படிக்கும் பித்தளை பேட்ஜ் வரும். போருக்குப் பித்தளை தேவைப்பட்டதும் இரண்டு வருஷம் புது பேட்ஜே வரவில்லை. பானம் இருந்தது, பொம்மை இல்லை. பிரிட்டனில் தட்டுப்பாடு விளம்பரத்தின் வாயை அடக்கியது, அமெரிக்காவில் தட்டுப்பாடு பற்றிய பேச்சே அதற்குப் புதுப் பேச்சு கொடுத்தது. நம் இன்றைய டப்பாக்களின் முதுகில் இருக்கும் வைட்டமின் அட்டவணைக்கு எந்த ஊர்ச் சாயல் அதிகம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பிரிட்டனில் ரேஷன் ஓரளவு நியாயமாக நடந்தது, ஏழைக் குழந்தைகள் முன்பைவிட நன்றாகவே சாப்பிட்டார்கள் என்று பெருமையாக எழுதுவார்கள், அது உண்மைதான். அதே அரசாங்கத்தின் ஆட்சியில், அதே 1943-இல், வங்காளத்தில் முப்பது லட்சம் பேர்வரை செத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1942-இல் பர்மா விழுந்து அரிசி நின்றது, மெட்ராஸ் மாகாணத்திலும் அரிசிக்கு அலைய வேண்டியிருந்தது. பட்டினி என்ற சொல்லைப் படக்கதையில் விற்ற ஒரு பத்தாண்டுக்கு அடுத்து அது.

போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் உடனே போகவில்லை. போரில் கூட இல்லாத ரொட்டி ரேஷன் 1946-இல் வந்தது. பால் கட்டுப்பாடு 1950-இல் போயிற்று, சர்க்கரை 1953-இல், கடைசியாக இறைச்சி 1954 ஜூலையில். பாலும் சர்க்கரையும் திரும்பி வந்ததும் ‘விட்டுவிடுங்கள்’ விளம்பரங்கள் சத்தமில்லாமல் போய்விட்டன, படுக்கை நேரத்துச் சூடான கோப்பை திரும்பி வந்தது. இன்றைக்கு பிரிட்டனில் ஹார்லிக்ஸ் இரண்டு விதமாக விற்கிறது, பாலில் கலக்கும் பழைய வகை ஒன்று, தண்ணீரில் கலக்கும் இன்ஸ்டன்ட் ஒன்று. 1883-இல் காப்புரிமை வாங்கிய விஷயம் இப்போது தனி டப்பா.

இந்தியாவுக்கு வந்த கதை இன்னொரு தட்டுப்பாட்டோடு சேர்ந்தது. 1950-களின் கடைசியில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதி இறுகிய நேரத்தில், பஞ்சாபின் நாபாவில் ஹிந்துஸ்தான் மில்க்ஃபுட் கம்பெனி உருவாகி, 1960 முதல் எருமைப் பாலில் ஹார்லிக்ஸ் போட்டது. விற்பனை என்னவோ தெற்கிலும் கிழக்கிலும்தான் அமோகம். பால் அதிகம் கிடைக்காத பக்கம் பால்பொடி போவது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் நாம் அதை எப்படிக் குடித்தோம்? எங்கள் வீட்டில் பாலைக் காய்ச்சி, அதில் ஹார்லிக்ஸ் போட்டு, மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு ஆற்றித் தருவார்கள். தண்ணீரில் கலப்பது காய்ச்சல்காரருக்கு, பால் ஒத்துக்கொள்ளாது என்பதால். நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைக்கு வெந்நீரில் கலந்து கொடுத்தால் அம்மாவைப் பாட்டி சும்மா விடமாட்டார். ஆஸ்பத்திரிக்கு யாரைப் பார்க்கப் போனாலும் சாத்துக்குடியோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதை அவர்கள் இன்னொருவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போவார்கள், காலியான பாட்டிலில் துவரம்பருப்பு.

பிறகு நோயாளி பானம் பிள்ளைகளின் பானமாக மாறியது தனிக் கதை. உயரம், பலம், கூர்மை என்று சொல்லிக்கொண்ட ஒரு விளம்பரம், பிரிட்டனில் தெரியும் தெற்காசிய சேனல் ஒன்றில் ஒளிபரப்பாகிவிட, 2008-இல் அங்கே விளம்பரத் தர ஆணையம் ஆதாரம் போதாது என்று அதைத் தடுத்தது. கம்பெனி அது பிரிட்டனுக்காக எடுத்த விளம்பரமே இல்லை என்று சொன்னது, அந்தப் பதில் நமக்கு ஒன்றும் பெருமை தருவதாக இல்லை. 2020-இல் இந்திய ஹார்லிக்ஸ் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்தது. 2024 ஏப்ரலில், இந்த வகைப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொல்லிவிட, கம்பெனியும் தன் வகைப்பாட்டை ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ என்று மாற்றிக்கொண்டது. எங்கள் தெருக் கடையில் இன்னும், “ஹார்லிக்ஸா பூஸ்ட்டா, பாக்கெட்டா டப்பாவா?” என்றுதான் கேட்கிறார்கள்.